சிறுகோளுக்குப் பெயர் வைப்பது எப்படி: எண் கிடைப்பதிலிருந்து பெயர் அறிவிக்கப்படும் வரை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் விசைப்படகு ஒவ்வொன்றிலும் இரண்டு அடையாளங்கள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று அரசு கொடுத்த பதிவு எண். மற்றொன்று உரிமையாளர் ஆசையாக வைத்த பெயர். பெயர் அம்மனுடையதாகவோ அந்தோணியாருடையதாகவோ வீட்டுப் பிள்ளையுடையதாகவோ இருக்கலாம், ஆனால் கடலில் விசாரணை என்று வந்தால் அதிகாரிகள் முதலில் கேட்பது எண்ணைத்தான். சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள்களுக்கும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான் என்றாலும், படகை வாங்கியவர் தன் விருப்பப்படி அதற்குப் பெயர் எழுதிக்கொள்ளலாம், சிறுகோளை யாரும் வாங்க முடியாது, கண்டுபிடித்தவர்கூட ஒரு பெயரை முன்மொழியத்தான் முடியும் என்பது பெரிய வேறுபாடு.

இதை விரிவாக எழுத ஒரு காரணம் உண்டு. தண்டையார்பேட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்காக நாங்கள் சனிக்கிழமை மாலைகளில் நடத்தும் அறிவியல் வகுப்புக்கு ஒரு தாய் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்து, "சார், என் பையன் பேர்ல ஒரு கல்லு மேல சுத்திக்கினு இருக்குது" என்று பெருமையோடு காட்டினார். ஏதோ ஓர் இணையதளத்தில் பணம் கட்டி வாங்கியது. தங்க நிற முத்திரையும் பையனின் பெயரும் இருந்தன, சிறுகோளின் எண் மட்டும் எங்குமே இல்லை. எண் இல்லாத சிறுகோளுக்குப் பெயர் இருக்க முடியாது என்பதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அன்று தடுமாறினேன். அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான் இந்த வழிகாட்டி.

தொடங்கும் முன்: மூன்று அடையாளங்கள்

ஒரு சிறுகோள் தன் வாழ்நாளில் மூன்று அடையாளங்களைப் பெறலாம். முதலில் கிடைப்பது தற்காலிகக் குறியீடு. பாதை உறுதியான பிறகு நிரந்தர எண் வருகிறது. கடைசியாக, அதுவும் சிலவற்றுக்கு மட்டுமே, பெயர் வாய்க்கிறது. இதுவரை நிரந்தர எண் பெற்ற சிறுகோள்கள் எட்டு லட்சத்துக்கும் மேல். அவற்றில் பெயர் பெற்றவை சுமார் 25 ஆயிரம். அதாவது நூற்றுக்கு மூன்று என்ற அளவில்தான் பெயரிடப்பட்டிருக்கின்றன. முதல் இரண்டு அடையாளங்களையும் வழங்குவது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கும் சிறுகோள் மையம். பெயரை ஏற்பதும் மறுப்பதும் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பெயரிடல் குழு.

முதல் படி: தற்காலிகக் குறியீட்டைப் படிக்கக் கற்பது

ஒரே இரவில் ஒரு புள்ளி நகர்ந்ததைப் பார்த்துவிட்டால் போதாது. குறைந்தது இரண்டு இரவுகளின் அளவீடுகளாவது மையத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவை ஏற்கெனவே அறிந்த எந்தப் பொருளோடும் பொருந்தாமலும் இருக்க வேண்டும். அப்போதுதான் தற்காலிகக் குறியீடு கிடைக்கும். அந்தக் குறியீடு கண்டுபிடிப்பு நாளின் சுருக்கெழுத்து. படிக்கத் தெரிந்துவிட்டால் மிக எளிது.

அபோஃபிஸ் என்று இன்று எல்லோரும் அறிந்த சிறுகோளின் பழைய குறியீடு 2004 எம்என்4. முதலில் ஆண்டு. அடுத்த எழுத்து, ஆண்டின் 24 அரைமாதங்களில் எது என்பதைச் சொல்கிறது. ஆங்கில எழுத்துகளில் 'ஐ' எண் ஒன்றோடு குழம்பும் என்பதால் அதை விட்டுவிடுகிறார்கள், கடைசி எழுத்து இங்கே தேவைப்படுவதில்லை. 'ஐ'யை விட்டு எண்ணினால் 'எம்' 12ஆவது எழுத்து. 12ஆவது அரைமாதம் ஜூன் 16 முதல் 30 வரை. அபோஃபிஸ் முதலில் படம்பிடிக்கப்பட்டது 2004 ஜூன் 19ஆம் தேதி. இரண்டாவது எழுத்து அந்த அரைமாதத்துக்குள் வரிசை எண்ணைக் காட்டுகிறது. 'என்' 13ஆவது எழுத்து. 25 எழுத்துகளும் தீர்ந்துபோனால் மறுபடி முதலிலிருந்து தொடங்கி, எத்தனை சுற்று முடிந்தது என்பதைப் பின்னால் எண்ணாக எழுதுகிறார்கள். நான்கு சுற்று என்றால் நூறு, அதோடு 13. ஆகவே 2004 ஜூன் மாதத்தின் பின்பாதியில் குறியீடு பெற்ற 113ஆவது பொருள் அது.

தமிழில் இந்தக் குறியீடுகளை வாய்விட்டுச் சொல்லும்போது ஓர் இடறல் உண்டு: ஆங்கிலத்தின் நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் நம் எழுத்தில் 'டி' என்றே வந்து நிற்கின்றன. வகுப்பில் நாங்கள் 'பிப்ரவரி டி', 'அக்டோபர் டி' என்று சொல்லிப் பிரித்துக்கொள்கிறோம்.

இரண்டாம் படி: எண் வரும் வரை காத்திருப்பது

பலரும் பொறுமை இழக்கும் படி இது. குறியீடு கிடைத்ததுமே பெயர் வைத்துவிடலாம் என்று நினைப்பது தவறு. சிறுகோளின் சுற்றுப்பாதை, இனி அது தொலைந்துபோகாது என்று சொல்லும் அளவுக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டும். பொதுவாக அது பூமிக்கு வசதியான நிலைக்குத் திரும்பி வரும் நான்கு தறுவாய்களிலாவது பார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பதால், இதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். பூமிக்கு அருகே வருபவற்றை ரேடாரிலும் அளக்க முடிவதால் அவற்றின் எண் விரைவில் கிடைப்பதுண்டு. அபோஃபிஸ் ஏறக்குறைய ஓராண்டிலேயே 99942 என்ற எண்ணைப் பெற்றது.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 719 ஆல்பர்ட் என்ற சிறுகோள் சான்று (எண்ணை முன்னால் வைத்துப் பெயரைச் சேர்த்து எழுதுவதுதான் வழக்கம்). 1911இல் வியன்னாவில் கண்டுபிடிக்கப்பட்டு, எண்ணும் பெயரும் பெற்று, பிறகு காணாமலே போயிற்று. 2000ஆம் ஆண்டில்தான் மறுபடியும் அகப்பட்டது. ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் அந்தப் பெயர் எந்தக் கல்லுக்கு உரியது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியவில்லை.

எண் வழங்கும் நேரத்தில்தான் 'கண்டுபிடித்தவர் யார்' என்பதும் முறைப்படி தீர்மானிக்கப்படுகிறது. பள்ளி மாணவர்கள் சிறுகோள் கண்டுபிடித்தார்கள் என்று நாளிதழில் வரும் செய்திகளை இந்தத் தெளிவோடு படிக்க வேண்டும். பெரும்பாலும் அவர்கள் கண்டது முதற்கட்டக் கண்டறிதல். அது உண்மையான பணிதான், பாராட்டுக்கும் உரியதுதான், ஆனால் பெயர் வைக்கும் கட்டம் அதிலிருந்து பல ஆண்டுகள் தள்ளி இருக்கிறது.

மூன்றாம் படி: முன்மொழியும் உரிமை யாருக்கு என்று அறிவது

எண் வழங்கப்பட்ட நாளிலிருந்து பத்து ஆண்டுகள், பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு உண்டு. அதற்குள் அவர் எதுவும் சொல்லாவிட்டால் மற்றவர்களின் முன்மொழிவுகளைக் குழு பரிசீலிக்கலாம். இன்று சிறுகோள்களைக் கண்டுபிடிப்பவை பெரும்பாலும் தானியங்கித் தொலைநோக்கித் திட்டங்களே. ஒவ்வொன்றின் கணக்கிலும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பெயர்கள் வெள்ளமாகக் குவிந்துவிடாமலிருக்க, ஒரு கண்டுபிடிப்பாளர் இரண்டு மாதத்துக்கு இரண்டு பெயர்களுக்கு மேல் முன்மொழிய வேண்டாம் என்று குழு கேட்டுக்கொள்கிறது.

நம் ஊர்க்காரர் ஒருவருக்குப் பெயர் கிடைத்த விதம் இதைப் புரியவைக்கும். சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்தின் பெயரைத் தாங்கும் 4538 விஷியானந்த், 1988 அக்டோபர் 10 அன்று ஜப்பானின் டொயோட்டா நகரில் கென்சோ சுசுகி என்பவரால் கண்டுபிடிக்கப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பெயரில்லாமலே இருந்த அதற்கு, வானியலிலும் சதுரங்கத்திலும் ஆனந்துக்கு இருக்கும் ஈடுபாட்டை அறிந்த குழு உறுப்பினர் ஒருவர் 2015இல் அவர் பெயரைப் பரிந்துரைத்தார். கேட்டவரும் இல்லை, பணம் கட்டியவரும் இல்லை.

ஒரு காலத்தில் பணம் கட்டியவர் இருந்தார் என்பதையும் மறைக்க வேண்டாம். ஆஸ்திரிய வானியலாளர் யோகன் பாலிசா, 1886இன் சூரிய கிரகணத்தைப் பார்க்கப் பயணச் செலவு தேவைப்பட்டு, தான் கண்டுபிடித்த சிறுகோளின் பெயரிடும் உரிமையை 50 பவுண்டுக்குத் தருவதாக 1885இல் அறிவித்தார். ராத்சைல்டு குடும்பத்துப் பிரபு ஒருவர் அதை வாங்கித் தன் மனைவியின் பெயரை வைத்தார்; 250 பெட்டினா இன்றும் அந்தப் பெயரோடு சுற்றுகிறது. இப்போது அதற்கு வழியே இல்லை. வணிகப் பெயர்களுக்கும் அனுமதி கிடையாது. கண்ணாடிச் சட்டத்துச் சான்றிதழுக்கு அந்த 50 பவுண்டு மதிப்புகூட இல்லை என்பதுதான் வருத்தம்.

நுங்கம்பாக்கத்திலிருந்து போன பெயர்கள்

அடுத்த படிக்குப் போகும் முன் சற்று நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆசியக் கண்டத்திலேயே முதல் சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது நம் நகரத்தில். தண்டையார்பேட்டையிலிருந்து கடற்கரை நிலையம் வந்து, தாம்பரம் வண்டி மாறினால் போய்ச் சேரக்கூடிய நுங்கம்பாக்கத்தில், இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில், 1792இல் சென்னை வான் ஆய்வகம் எழுந்தது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது.

1861இல் அங்கே அரசு வானியலாளராக வந்த நார்மன் போக்சன், வந்த சில வாரங்களிலேயே, ஏப்ரல் 17 அன்று ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அது 67 ஆசியா ஆயிற்று. அடுத்து 1864இல் கிரேக்கப் பெண் கவிஞரின் பெயரில் 80 சாப்போ, 1866இல் 87 சில்வியா, 1868இல் 107 கமிலா, 1885இல் 245 வேரா. இவற்றில் எனக்குப் பிடித்தது சில்வியா. 2001இல் அதற்கு ஒரு துணைக்கோள் இருப்பது தெரிந்தது, 2004இல் இன்னொன்றும் அகப்பட்டது. உரோமைத் தொன்மத்தில் ரேயா சில்வியா பெற்ற இரட்டையரின் பெயர்களான ரோமுலஸ், ரீமஸ் என்பவற்றையே அவற்றுக்கு வைத்தார்கள். நுங்கம்பாக்கத்தில் பெயர் பெற்ற ஒரு தாய்க்கு 140 ஆண்டு கழித்துப் பிள்ளைகள் கிடைத்த கதை இது.

போக்சன் இங்கே வருவதற்கு முன், 1856இல் ஆக்ஸ்ஃபோர்டில் கண்ட சிறுகோள் 42 ஐசிஸ். ஐசிஸ் எகிப்தியத் தெய்வம். ஆக்ஸ்ஃபோர்டு வழியாக ஓடும் தேம்ஸ் ஆற்றுக்கும் அந்தப் பெயர் உண்டு. போக்சனுடைய சிறு மகளின் பெயரிலும் ஐசிஸ் இருந்தது. ஒரே பெயரில் மூன்று பொருள். அந்த மகள் வளர்ந்து 1873 முதல் சென்னை ஆய்வகத்திலேயே தந்தைக்கு உதவியாளராகப் பணியாற்றினார். போக்சனின் பெயரும் பின்னாளில் 1830 என்ற எண்ணுள்ள சிறுகோளுக்கு வைக்கப்பட்டது.

வேராவுக்குப் பிறகு நம் பக்கத்திலிருந்து அடுத்த சிறுகோள் கிடைக்க நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1988 பிப்ரவரி 17 அன்று சவ்வாது மலையின் காவலூர் வான் ஆய்வகத்தில் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த அது 4130 ராமானுஜன். கணித மேதை கும்பகோணத்துக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு சென்னைக்கும் சொந்தம். துறைமுகக் கழகத்தில் கணக்கராக இருந்துகொண்டுதான் அவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதினார்.

நான்காம் படி: பெயரைத் தேர்ந்தெடுப்பது

முதலில் சிறுகோள் எங்கே சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சில வட்டாரங்களுக்குத் தனி மரபு உண்டு. பூமிக்கு அருகே வருபவற்றுக்குப் பொதுவாகத் தொன்மப் பெயர்களே. அதனால்தான் அபோஃபிஸ், எகிப்தியச் சூரியக் கடவுளின் எதிரியான பாம்பின் பெயரைப் பெற்றது. 2029 ஏப்ரல் 13 அன்று அது பூமியின் மேற்பரப்பிலிருந்து சுமார் 32,000 கி.மீ. தொலைவில், தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்களைவிட நெருக்கமாக, மோதாமல் கடந்துபோகும். நெப்டியூனுக்கு அப்பாலுள்ள ஒரு வகைப் பொருள்களுக்குப் படைப்புத் தெய்வங்களின் பெயர். நெப்டியூனோடு இசைந்து சுற்றும் மற்றொரு வகைக்குப் பாதாளத் தெய்வங்களின் பெயர். நம் வருணனும் 20000 என்ற முழு எண்ணோடு அந்தத் தொலைவில்தான் இருக்கிறான்.

வியாழனின் பாதையில் அதற்கு முன்னும் பின்னும் கூட்டமாகச் செல்பவற்றுக்குக் கிரேக்கத் தொன்மத்தில் வரும் டிராய் போரின் வீரர்களுடைய பெயர்கள். முன்னே கிரேக்கர் முகாம், பின்னே டிராய் முகாம். இந்த ஏற்பாடு உறுதியாகும் முன்பே பெயர் பெற்றுவிட்டதால் 617 பட்ரோக்ளஸ் என்ற கிரேக்கனும் 624 ஹெக்டர் என்ற டிராய் வீரனும் எதிரி முகாமில் ஒற்றர்கள்போல மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். போர் வீரர்களின் பட்டியல் தீரத் தொடங்கியதால், அக்கூட்டங்களின் சிறிய உறுப்பினர்களுக்கு ஒலிம்பிக் வீரர்களின் பெயரை வைக்கலாம் என்று 2018இல் முடிவாயிற்று. இதைச் சொன்னபோது வகுப்பில் குத்துச்சண்டை பழகும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கேரம் ஆடும் பெண்தான், ஒலிம்பிக்கில் கேரம் இல்லாததற்கு என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள பெருங்கூட்டத்துக்கு இப்படிப்பட்ட கட்டுப்பாடு இல்லை. ஊர், ஆறு, அறிஞர், கலைஞர் என எதையும் வைக்கலாம். பொது விதிகள் மட்டும் எல்லாவற்றுக்கும் உண்டு. பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளியையும் சேர்த்து, 16 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். ஒரே சொல்லாக இருந்தால் நல்லது. ஏதாவது ஒரு மொழியிலாவது உச்சரிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். யாரையும் புண்படுத்தக் கூடாது. ஏற்கெனவே உள்ள சிறுகோள், துணைக்கோள் பெயர்களோடு மிக ஒத்திருக்கக் கூடாது. கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்ளக் கூடாது. செல்லப் பிராணிகளின் பெயர்கள் ஊக்குவிக்கப்படுவதில்லை. ஒரு வானியலாளர் தன் வீட்டுப் பூனையின் பெயரை 2309ஆம் சிறுகோளுக்கு வைத்து எழுந்த சலசலப்புதான் இதற்குத் தூண்டுதல்.

அரசியல், போர் தொடர்பாகப் பெயர் பெற்ற மனிதர்களானால், அவர்கள் மறைந்து நூறு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். இந்த எச்சரிக்கைக்கான காரணம் முதல் சிறுகோளிலேயே இருக்கிறது. 1801 ஜனவரி 1 அன்று சிசிலித் தீவின் பலெர்மோவில் அதைக் கண்ட கியூசெப்பே பியாட்சி, உரோமைய வேளாண் தெய்வத்தின் பெயரோடு தன் அரசர் பெர்டினாந்தின் பெயரையும் சேர்த்தே வைத்தார். மற்ற நாட்டவர்கள் அரசரைக் கழற்றிவிட்டுத் தெய்வத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அப்படி எஞ்சியது 1 சீரஸ். வடசென்னைத் தொழிலாளர்களிடையே பணியாற்றிய சிங்காரவேலரின் பெயரை வைக்கலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். அவர் மறைந்தது 1946 என்பதால் 2046 வரை பொறுக்க வேண்டும்.

எழுத்து எண்ணிக்கையைப் பயிற்சியாகவே செய்து பார்க்கலாம். போக்சனோடு அதே ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியை எடுத்துக்கொள்வோம். முழுப் பெயரை இக்கால வழக்கப்படி ஆங்கிலத்தில் எழுதினால் 26 எழுத்துகள் ஆகிவிடும், தள்ளுபடிதான். சிந்தாமணியை விட்டு ரகுநாதாச்சாரி என்று மட்டும் எழுதினால் 15. ஒரே ஓர் எழுத்து மிச்சத்தோடு உள்ளே வந்துவிடுகிறது. பிள்ளைகள் கரும்பலகையில் ஒவ்வோர் எழுத்தின் கீழும் எண் போட்டு, பதினைந்தில் நின்றதும் கைதட்டினார்கள். ஊர்ப்பெயர்களையும் சோதித்தோம்: திருவொற்றியூரும் வண்ணாரப்பேட்டையும் ஆளுக்கு 13, காசிமேடு வெறும் 8.

ஐந்தாம் படி: காரணக் குறிப்பை எழுதுவது

பெயரோடு, அது ஏன் வைக்கப்படுகிறது என்று விளக்கும் சில வரிக் குறிப்பும் போக வேண்டும். அனுப்புவது ஆங்கிலத்தில்தான் என்றாலும், முதலில் தமிழில் எழுதிப் பார்ப்பது சிந்தனையைச் சீர்படுத்தும். எங்கள் பிள்ளைகள் பலமுறை வெட்டித் திருத்திய வடிவம் இது: "சிந்தாமணி ரகுநாதாச்சாரி, சென்னை வான் ஆய்வகத்தின் உதவியாளர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழக உறுப்பினரானார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்த நிகழ்வை இந்திய மொழிகளில் மக்களுக்கு விளக்கினார்." முதல் வரைவில் 'ஒப்பற்ற', 'மாபெரும்' என்றெல்லாம் இருந்தது. அத்தகைய அடைமொழிகள் நம் சுவரொட்டிகளுக்கே போதும். இங்கே செய்தவை மட்டும் நிற்க வேண்டும்.

ஆறாம் படி: குழுவின் முடிவு

முன்மொழிவைக் குழு உறுப்பினர்கள் படித்து வாக்களிக்கிறார்கள். ஏற்கப்பட்ட பெயர், குழுவின் அறிவிப்பிதழில் வெளியான பிறகுதான் அதிகாரபூர்வமாகிறது. 2021 முதல் இதற்கெனத் தனி அறிவிப்பிதழ் வருகிறது, அதற்கு முன் சிறுகோள் மையத்தின் சுற்றறிக்கைகளில் வெளியாயிற்று.

வடசென்னையிலிருந்து தொடங்க விரும்பினால்

நம் தெருவிளக்கு வெளிச்சத்திலும் எண்ணூர்ப் பக்கத்துப் புகையிலும் மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்துச் சிறுகோள் தேடுவது நடக்கிற காரியம் அல்ல. ஆனால் சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு, ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் பெரிய தொலைநோக்கி எடுத்த படங்களைப் பதிவு செய்துகொண்ட மாணவர் குழுக்களுக்கு இணையம் வழியாக அனுப்புகிறது. சாதாரணக் கணினி போதும். சில நிமிட இடைவெளிகளில் எடுத்த நான்கு படங்களை மாற்றி மாற்றி ஓட்டும்போது, விண்மீன்கள் எல்லாம் அசையாமல் நிற்க, ஒரே ஒரு மங்கலான புள்ளி நேர்கோட்டில் நான்கு முறை தாவினால் அதைக் குறித்து அனுப்ப வேண்டும். படத்தின் குறைகளும் சில நேரம் அப்படியே ஏமாற்றும். தாவலின் தூரம் நான்கிலும் சீராக இருக்கிறதா என்று பார்த்தே ஒதுக்க வேண்டும்.

பெயர்களின் பொருளை அறிய இதுவும் வேண்டாம். சிறுகோள் மையத்தின் இணையப் பக்கத்திலோ, நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் நடத்தும் சிறுபொருள் தரவுத்தளத்திலோ எண்ணை அடித்தால் கண்டுபிடித்த நாள், இடம், பெயர் பெற்றதாயின் அதன் காரணம் ஆகியவற்றைப் படிக்கலாம். யாராவது சான்றிதழ் காட்டினால் அதில் எண்ணைத் தேடி, அதே எண்ணை இங்கே அடித்துப் பாருங்கள். சான்றிதழ் கொண்டுவந்த அந்தத் தாயின் மகனை நாங்கள் முதலில் அடிக்கச் சொன்ன எண் 67. "ஆசியா, 1861, மெட்ராஸ்" என்று வாய்விட்டுப் படித்தவன், நுங்கம்பாக்கத்தில் அந்தக் கருங்கல் தூணைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டான்.